கேட்கப்படாத சம்மதம்: புற்றுநோய் ஆய்வுகளும் மூத்த நோயாளர்களும்

2011 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் ஓர் இரவு, ரொறன்ரோவிலிருந்து பெரியப்பாவின் மூத்த மகள் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். பெரியப்பாவுக்கு அப்போது 78 வயது. யாழ்ப்பாணத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவர். 1995 இடப்பெயர்வின் பின்னர் பிள்ளைகளோடு கனடாவில் போய்ச் சேர்ந்தவர். அவருக்குப் புற்றுநோய் என்று அந்த ஆண்டின் நடுப்பகுதியில்தான் கண்டறிந்திருந்தார்கள்.

"தம்பி, ஏதோ புது மருந்தை வைச்சு ஆராய்ச்சி செய்யினமாம். அப்பாவையும் அதிலை சேர்க்கலாமோ எண்டு டொக்டர் கேக்கிறார். இந்த வயதிலை அவரைப் போய்ச் சோதனை எலி ஆக்கிறதோ?"

"வேண்டாம் அக்கா. அவரை நிம்மதியா இருக்க விடுங்கோ" என்றேன்.

உரையாடல் ஐந்து நிமிடங்கள்கூட நீடிக்கவில்லை. அக்கா மறுநாள் வைத்தியரிடம் மறுப்பைத் தெரிவித்துவிட்டார். வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது. பெரியப்பா அதன் பின்னர் பதினான்கு மாதங்கள் உயிர்வாழ்ந்தார். இறுதிக் காலத்தில் அவரைப் பார்ப்பதற்காக நான் சென்றிருந்தபோது, ஒரு மாலைப்பொழுதில் அவரே அந்தக் கதையை எடுத்தார். மகள் எப்போதோ வாய்தவறிச் சொல்லியிருக்கிறார்.

"நீங்கள் ரெண்டுபேரும் வேண்டாம் எண்டு சொன்னது பிழை எண்டு நான் சொல்லேல்லை. கேட்டிருந்தால் நானும் சிலவேளை வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன். ஆனால் என்னை ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் மாணவன் ஒருவன் கணக்கில் ஒரு படியைத் தவறவிட்டதைச் சுட்டிக்காட்டுவது போலவே சொன்னார். மக்களைக் கேளாமல் மக்களின் விதியைத் தீர்மானித்த அரசாங்கங்களைக் கண்டித்து எத்தனையோ ஆசிரியர் தலையங்கங்களை எழுதியவன் நான். அந்த மாலையில் என்னிடம் பதில் இருக்கவில்லை.

அந்த ஆய்வில் சேர்ந்திருந்தால் பெரியப்பா மேலும் சில காலம் வாழ்ந்திருப்பாரா என்பதை எவராலும் கூறமுடியாது. புதிய மருந்து பழைய மருந்தைவிடச் சிறந்ததா என்பது தெரியாததனால்தான் ஆய்வே நடத்தப்படுகிறது. என்னைத் தொந்தரவு செய்தது வேறொரு கேள்வி. மூத்தவர்கள் இத்தகைய ஆய்வுகளை விரும்பமாட்டார்கள், தாங்கமாட்டார்கள் என்று எந்த ஆதாரத்தில் நான் அவ்வளவு உறுதியாக முடிவெடுத்தேன்? அந்தக் கேள்வியோடு வாசிக்கத் தொடங்கியபோது, அதற்கு நீண்ட வரலாறு ஒன்று இருப்பதைக் கண்டேன். அந்த வரலாற்றின் முக்கியமான அத்தியாயங்கள் பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவில் எழுதப்பட்டவை.

புரூக்ளின், 1963

நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியில் யூத சமூகத்தினரால் நடத்தப்பட்ட நாட்பட்ட நோய்களுக்கான வைத்தியசாலை ஒன்று இருந்தது. வேறெங்கும் குணப்படுத்த இயலாத, நீண்டகாலம் படுக்கையில் கிடக்கவேண்டிய நோயாளர்களே அங்கு அதிகம். அவர்களில் பெரும்பாலானோர் முதியவர்கள். பலர் பலவீனத்தின் எல்லையில் இருந்தவர்கள். சிலருக்கு இத்திஷ் மொழியைத் தவிர வேறு மொழி தெரியாது.

1963 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இந்த வைத்தியசாலையின் 22 நோயாளர்களுக்குத் தோலின் கீழ் ஓர் ஊசி போடப்பட்டது. ஊசியில் இருந்தவை ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட உயிருள்ள புற்றுநோய்க் கலங்கள். அந்த 22 பேரில் 19 பேருக்குப் புற்றுநோய் இருக்கவில்லை. ஆய்வை வழிநடத்தியவர் ஸ்லோன்-கெற்றரிங் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் செஸ்ரர் சௌதம். வைத்தியசாலையின் மருத்துவப் பிரிவுப் பணிப்பாளர் இமானுவேல் மன்டல் அதற்கு இடமளித்திருந்தார்.

சௌதம் அறிய விரும்பியது விஞ்ஞான ரீதியில் பொருளற்ற ஒரு விடயமல்ல. வேறொருவரின் புற்றுநோய்க் கலங்களை ஆரோக்கியமான மனிதனின் உடலில் செலுத்தினால், உடல் அவற்றை அந்நியப் பொருளாக அடையாளம் கண்டு சில வாரங்களில் அழித்துவிடுகிறது. 1956 ஆம் ஆண்டிலிருந்து ஒஹாயோ மாநிலச் சிறைச்சாலையின் கைதிகளிடம் நடத்திய சோதனைகளில் அவர் இதைக் கண்டிருந்தார். முற்றிய புற்றுநோய் உள்ளவர்களின் உடலோ இதே காரியத்தைச் செய்ய நீண்டகாலம் எடுத்தது. அந்தத் தாமதம் புற்றுநோயினால் ஏற்பட்டதா, அல்லது பொதுவான உடற்பலவீனத்தினால் ஏற்பட்டதா? இதை அறிய, புற்றுநோய் இல்லாத, ஆனால் மிகவும் தளர்ந்துபோன உடல்கள் அவருக்குத் தேவைப்பட்டன. புரூக்ளின் வைத்தியசாலையின் முதியவர்கள் அதற்குப் பொருத்தமானவர்களாகத் தெரிந்தார்கள்.

நோயாளர்களுக்குச் சொல்லப்பட்டது இதுதான்: உடலின் எதிர்ப்புச் சக்தியைச் சோதிப்பதற்காகச் சில கலங்களை ஊசிமூலம் செலுத்துகிறோம், சிறிய கட்டி ஒன்று தோன்றி, பின்னர் மறைந்துவிடும். 'புற்றுநோய்' என்ற சொல் உச்சரிக்கப்படவில்லை. அது அவர்களின் சிகிச்சையோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஆராய்ச்சி என்பதும் விளக்கப்படவில்லை.

மூன்று இளம் வைத்தியர்கள் இதில் பங்குபற்ற மறுத்தார்கள். அவீர் கேகன், டேவிட் லைக்ரர், பெரி பேர்ஸ்கோ என்பன அவர்களின் பெயர்கள். மூவரும் யூதர்கள். நாஸி முகாம்களில் மனிதர்கள் மீது நடத்தப்பட்ட பரிசோதனைகளுக்காக வைத்தியர்கள் நூரம்பேர்க்கில் விசாரிக்கப்பட்டு, 1947 ஆம் ஆண்டு தண்டிக்கப்பட்டதை அறிந்திருந்தவர்கள். அந்தத் தீர்ப்போடு வெளியான நூரம்பேர்க் கோட்பாட்டின் முதலாவது விதியே, பரிசோதனைக்குட்படும் மனிதனின் சுயவிருப்பத்துடனான சம்மதம் இன்றியமையாதது என்பதுதான். இவர்கள் மறுத்தபோதிலும் ஊசிகள் போடப்பட்டன. மூவரும் பதவி விலகினார்கள்.

விவகாரம் அத்தோடு அடங்கிப்போயிருக்கும். வைத்தியசாலைப் பணிப்பாளர் சபையின் உறுப்பினர்களில் ஒருவரான சட்டத்தரணி வில்லியம் ஹைமன் அதை அடங்கவிடவில்லை. நோயாளர்களின் ஆவணங்களைப் பார்வையிட அனுமதி கோரி, தான் அங்கம் வகித்த வைத்தியசாலைக்கு எதிராகவே வழக்குத் தொடர்ந்தார். 1964 ஜனவரியில் செய்தி பத்திரிகைகளில் வெளியானது. 1965 ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலத்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஹைமனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வைத்தியர்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரம் கொண்ட மாநிலச் சபை சௌதமையும் மன்டலையும் குற்றவாளிகளாகக் கண்டது. நோயாளர் ஒருவர் மறுப்பதற்குச் சொல்லும் காரணம் அறிவுபூர்வமானதோ அல்லவோ, மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதே அந்தச் சபையின் நிலைப்பாடாக இருந்தது. இருவரின் அனுமதிப்பத்திரங்களும் ஓராண்டுக்கு இடைநிறுத்தப்பட்டன. ஆனால், அந்தத் தண்டனை நடைமுறைக்கு வராமல் ஒத்திவைக்கப்பட்டு, அவர்கள் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார்கள்.

அதைவிடப் பெரிய தண்டனை எதுவும் சௌதமுக்குக் கிடைக்கவில்லை. சில வருடங்களுக்குள், 1968 இல், அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கத்தின் தலைவராகவே அவர் தெரிவுசெய்யப்பட்டார். ஆபத்தில்லை என்று நம்பினால் அந்த ஊசியை ஏன் தனக்குத்தானே போட்டுக்கொள்ளவில்லை என்று கேட்கப்பட்டபோது, திறமையான புற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் மிகச் சிலரே இருக்கும் நிலையில் சிறிய ஆபத்தையும் ஏற்பது மடமை என்ற கருத்தில் அவர் பதிலளித்திருந்தார். படுக்கையில் கிடந்த முதியவர்கள் அந்தக் கணக்கில் எந்தப் பக்கத்தில் இருந்தார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சம்பவத்தில் என்னை மிகவும் பாதித்தது சௌதம் முன்வைத்த இன்னொரு நியாயம். 'புற்றுநோய்' என்ற சொல்லைச் சொன்னால் நோயாளர்கள் அநாவசியமாகப் பயந்துவிடுவார்கள் என்பதனாலேயே அதைத் தவிர்த்ததாக அவர் வாதாடினார். அதே வாக்கியத்தை நான் எங்களுடைய வீடுகளில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

பாதுகாப்பு வேலியும் அதன் மறுபக்கமும்

புரூக்ளின் சம்பவம் தனித்த ஒன்றல்ல. ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் மயக்கமருந்தியல் பேராசிரியர் ஹென்றி பீச்சர் 1966 ஜூன் மாதத்தில் வெளியிட்ட கட்டுரையில், அறநெறிக்குப் புறம்பான 22 ஆய்வுகளைப் பட்டியலிட்டார். புரூக்ளின் ஊசிகளும் அவற்றில் அடங்கும். அதே ஆண்டின் பெப்ரவரியில், அரச நிதியில் நடைபெறும் ஆய்வுகள் முன்கூட்டியே ஒரு குழுவினால் பரிசீலிக்கப்பட வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்திருந்தது. அதற்கு முன்னரே, 1964 ஆம் ஆண்டு, உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கிப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டிருந்தது. 1932 முதல் 1972 வரை அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் கறுப்பினத்தவர்களின் மேகநோயைச் சிகிச்சையளிக்காமல் அவதானித்துக் கொண்டிருந்த கொடுமை அம்பலமானதும், 1974 ஆம் ஆண்டு தேசிய ஆராய்ச்சிச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1979 இல் வெளியான பெல்மொன்ட் அறிக்கை மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி ஆகிய மூன்று அடிப்படைகளை வகுத்தது.

நீதி என்பதற்கு அந்த அறிக்கை கொடுத்த விளக்கம் கவனத்துக்குரியது. ஆராய்ச்சியின் சுமை பலவீனமானவர்களின் தலையில் மாத்திரம் விழக்கூடாது. ஆராய்ச்சியின் பலனும் நியாயமாகப் பகிரப்பட வேண்டும். அடுத்த இருபது வருடங்களில் முதலாவது பாதியைச் செயற்படுத்துவதில் ஆய்வு நிறுவனங்கள் மிகுந்த அக்கறை காட்டின. இரண்டாவது பாதி மூத்தவர்களைப் பொறுத்தவரையில் ஏறக்குறைய மறக்கப்பட்டது.

இது எவ்வாறு நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள, 'கிளினிக்கல் ட்ரயல்' என்று வைத்தியர்கள் அழைக்கும் இந்த ஆய்வுகளின் அமைப்பைச் சிறிது பார்க்கவேண்டும். முதற்கட்டத்தில் ஒரு சிலருக்கு மருந்தைக் கொடுத்து, எவ்வளவு கொடுப்பது பாதுகாப்பானது என்று பார்க்கிறார்கள். இரண்டாவது கட்டத்தில் அது நோயின் மீது வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள். மூன்றாவது கட்டத்தில் நூற்றுக்கணக்கான, சிலவேளைகளில் ஆயிரக்கணக்கான நோயாளர்களைத் திருவுளச்சீட்டு முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையையும் மறுபிரிவுக்குப் புதிய சிகிச்சையையும் கொடுத்து ஒப்பிடுகிறார்கள். ஒரு பிரிவுக்கு மருந்தே கொடுக்காமல் ஏமாற்றிவிடுவார்கள் என்பது எங்கள் மத்தியில் பரவலாக உள்ள அச்சம். பயனளிக்கும் சிகிச்சை ஏற்கெனவே இருக்கும்போது, புற்றுநோய் ஆய்வுகளில் அவ்வாறு செய்வது வழக்கமல்ல.

முடிவு தெளிவாக வரவேண்டும் என்பதற்காக, ஆய்வில் சேர்பவருக்கு வேறு நோய்கள் இருக்கக்கூடாது என்று நிபந்தனை விதிப்பார்கள். இருதய நோய் உள்ளவர் சேரமுடியாது, சிறுநீரகம் பலவீனமானவர் சேரமுடியாது, முன்னர் வேறொரு புற்றுநோய் வந்தவர் சேரமுடியாது. எழுபது வயதைத் தாண்டியவர்களில் இவை எதுவுமே இல்லாதவர் எத்தனை பேர்? சில ஆய்வுகள் வயதெல்லையையே நேரடியாக எழுதிவைத்தன. எழுதப்படாத வயதெல்லையோ வைத்தியரின் மனதில் இருந்தது.

பெண்களும் சிறுபான்மை இனத்தவர்களும் ஆய்வுகளில் சேர்க்கப்பட வேண்டும் என்று 1993 ஆம் ஆண்டு அமெரிக்காவில் சட்டம் கொண்டுவரப்பட்டது. வயதைப் பற்றி அத்தகைய கட்டாயம் எதுவும் அதில் இருக்கவில்லை.

ஒரு கணக்கெடுப்பு

1999 ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில், லோரா ஹட்சின்ஸ் என்ற வைத்தியரும் அவரது சகாக்களும் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1993 முதல் 1996 வரை ஒரு பெரிய ஆராய்ச்சிக் கூட்டமைப்பின் 164 சிகிச்சை ஆய்வுகளில் சேர்ந்த 16,396 நோயாளர்களின் வயதை அவர்கள் கணக்கெடுத்திருந்தார்கள். அமெரிக்காவில் புற்றுநோய்க்கு ஆளானவர்களில் 63 சதவீதமானோர் 65 வயதை எட்டியவர்கள் அல்லது கடந்தவர்கள். ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்களிலோ அவர்கள் 25 சதவீதம் மாத்திரமே. மார்பகப் புற்றுநோயில் இடைவெளி இன்னும் பயங்கரமானது: நோயாளர்களில் 49 சதவீதம், ஆய்வுகளில் 9 சதவீதம்.

இதன் விளைவை எளிதாக விளங்கிக்கொள்ளலாம். ஐம்பது வயதுக்காரரின் உடலில் அளந்து தீர்மானிக்கப்பட்ட மருந்தின் அளவு, எண்பது வயதுக்காரருக்கு ஏறத்தாழ ஊகத்தின் பேரில் கொடுக்கப்படுகிறது. புற்றுநோய் பெரும்பாலும் முதுமையின் நோய். அதன் சிகிச்சை பற்றிய அறிவோ பெரும்பாலும் நடுத்தர வயதினரிடமிருந்து பெறப்பட்டது.

ஏன் இவ்வாறு என்று கேட்டபோது கிடைத்த உடனடிப் பதில், முதியவர்கள் விரும்புவதில்லை என்பதே. பயப்படுகிறார்கள், பழைய நம்பிக்கைகளை விடமாட்டார்கள், வாழ்ந்தது போதும் என்று இருந்துவிடுகிறார்கள் என்றெல்லாம் சொல்லப்பட்டது. நானும் 2011 இல் அக்காவுக்குச் சொன்ன பதிலின் அடியில் அந்த நம்பிக்கையே இருந்தது.

2003 ஆம் ஆண்டு மாகரெட் கெமெனி என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் சகாக்களும் இந்த நம்பிக்கையைப் பரிசோதித்தார்கள். மார்பகப் புற்றுநோய் உள்ள இளைய பெண்களையும் 65 வயதைக் கடந்த பெண்களையும் சோடிகளாக ஒப்பிட்டார்கள். நோயின் இரண்டாம் கட்டத்திலிருந்த இளையவர்களில் 68 சதவீதமானோரிடம் ஆய்வில் சேருகிறீர்களா என்று கேட்கப்பட்டிருந்தது. மூத்தவர்களில் 34 சதவீதமானோரிடம் மாத்திரமே கேட்கப்பட்டிருந்தது. சரியாகப் பாதி. வேறு நோய்கள் இருந்தனவா என்பதைக் கணக்கில் எடுத்த பின்னரும் வயது ஒரு முக்கிய காரணியாகவே நின்றது. கேட்கப்பட்டவர்களில் எத்தனை பேர் சம்மதித்தார்கள்? இளையவர்களில் 56 சதவீதம், மூத்தவர்களில் 50 சதவீதம். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

இந்த எண்களை முதன்முதலில் வாசித்தபோது பெரியப்பாவின் வாக்கியம்தான் நினைவுக்கு வந்தது. மூத்தவர்களின் தயக்கம் என்று நாங்கள் அழைத்தது பெருமளவுக்கு அவர்களைச் சுற்றியிருப்பவர்களின் தயக்கம்.

இதனால் மூத்தவர்கள் அனைவரும் ஆய்வுகளை விரும்புகிறார்கள் என்று ஆகிவிடாது. கேட்கப்பட்டவர்களில் பாதிப்பேர் மறுத்திருக்கிறார்களே! மறுப்பவர்கள் சொல்லும் காரணங்கள் சாதாரணமானவை, நியாயமானவை. பக்கவிளைவுகளை நினைத்து அஞ்சுகிறார்கள். தூரத்து வைத்தியசாலைக்கு அடிக்கடி போய்வர முடியாது. அழைத்துச் செல்லப் பிள்ளைகள் வேலையில் விடுப்பெடுக்க வேண்டும். அவர்களுக்குச் சுமையாக இருக்கக்கூடாது. இருக்கும் நாட்களை வீட்டில் கழிப்பதே மேல். சம்மதிப்பவர்கள் சொல்லும் காரணங்களும் அதேயளவு எளிமையானவை: தனக்குப் பயன்படலாம் என்ற நம்பிக்கை, தனக்கு இல்லாவிட்டாலும் பின்னால் வருபவர்களுக்குப் பயன்படட்டும் என்ற எண்ணம், வைத்தியர் மீதுள்ள விசுவாசம். அந்த விசுவாசம் துஷ்பிரயோகம் செய்யப்படலாம் என்பதற்குப் புரூக்ளின் சாட்சி. ஆகவே, சோதனை எலி என்ற அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

மூத்தவர்கள் கொடுத்த அறிவு

மூத்தவர்களைச் சேர்த்து நடத்தப்பட்ட ஆய்வுகள் எதைக் காட்டின என்பதையும் சொல்லவேண்டும். மூன்றை மாத்திரம் குறிப்பிடுகிறேன்.

முதலாவது பிரான்சில் நடந்தது. பேர்த்ரான் குவாபியே தலைமையிலான குழு, வேகமாகப் பரவும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் கொண்ட 399 நோயாளர்களை ஆய்வில் சேர்த்தது. அனைவரும் 60 முதல் 80 வயதுக்கு இடைப்பட்டவர்கள். வழக்கமான கீமோதெரபியோடு ரிட்டுக்சிமாப் என்ற புதிய மருந்தைச் சேர்த்தபோது, இரண்டு வருடங்களின் பின்னர் உயிருடன் இருந்தவர்களின் விகிதம் 57 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாக உயர்ந்தது. 2002 ஜனவரியில் இம்முடிவு வெளியானது. அதே நோயுள்ள இளையவர்களுக்கும் இந்த முறை பயன் தருகிறது என்பதை 2006 இல் வெளியான இன்னொரு ஆய்வு உறுதிப்படுத்தியது. இங்கே முன்னால் நடந்தவர்கள் மூத்தவர்கள். பின்னால் வந்தவர்கள் இளையவர்கள்.

இரண்டாவது ஆய்வில் 70 வயதை எட்டிய 636 அமெரிக்கப் பெண்கள் 1994 முதல் 1999 வரை சேர்ந்தார்கள். ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோய்க் கட்டியை அகற்றிய பின்னர், ரமொக்சிபென் மாத்திரையோடு கதிர்ச் சிகிச்சையும் வேண்டுமா, அல்லது மாத்திரை மாத்திரம் போதுமா என்பதே கேள்வி. ஐந்து வருடங்களில் அதே இடத்திலோ அருகிலோ நோய் திரும்பியது முறையே 1 சதவீதமும் 4 சதவீதமும். உயிர்வாழ்வதில் வேறுபாடு இல்லை. 2013 இல் வெளியான நீண்டகால முடிவுகளும் பெரும்பாலான பெண்கள் வேறு காரணங்களாலேயே இறந்தார்கள் என்பதைக் காட்டின. இந்த 636 பேரின் புண்ணியத்தால், பின்னர் வந்த எத்தனையோ மூதாட்டிகள் வாரக்கணக்கில் கதிர்ச் சிகிச்சைக்கு அலைவதைத் தவிர்க்க முடிந்தது.

மூன்றாவது, இதற்கு நேர்மாறான பாடத்தைத் தந்தது. வயதானவர்களுக்கு இலகுவான மருந்தே போதும் என்ற எண்ணம் வைத்தியர்களிடம் இருந்தது. 65 வயதைக் கடந்த 633 பெண்களில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான கீமோதெரபியும், மறுபிரிவினருக்கு வீட்டிலிருந்தே விழுங்கக்கூடிய கெப்பசிற்றபின் மாத்திரையும் கொடுக்கப்பட்டன. 2009 இல் முடிவு வெளியானது. மூன்று வருடங்களில் நோய் திரும்பாமல் உயிருடன் இருந்தவர்கள் வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 85 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 68 சதவீதம். இரக்கத்தினால் இலகுவான மருந்தைக் கொடுத்தால் அந்த இரக்கமே உயிரைக் குறைக்கக்கூடும் என்று தெரியவந்தது.

ஓரிடத்தில் குறைந்த சிகிச்சை போதுமானது. இன்னோரிடத்தில் குறைந்த சிகிச்சை ஆபத்தானது. ஊகத்தினால் இரண்டையும் வேறுபடுத்த முடியாது. மூத்தவர்கள் தாங்களே முன்வந்து ஆய்வில் சேர்ந்ததனால்தான் இது தெரியவந்தது.

அதன் பின்னர் விதிகள் மெல்ல மாறின. 2000 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜனாதிபதி கிளின்டன், மூத்தோருக்கான அரச காப்புறுதித் திட்டமான மெடிக்கெயார், ஆய்வுகளில் சேர்பவர்களின் வழக்கமான சிகிச்சைச் செலவுகளை ஏற்கவேண்டும் என்று உத்தரவிட்டார். 2019 ஜனவரி முதல், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் நடைபெறும் ஆய்வுகளிலிருந்து தக்க காரணமின்றி வயதின் பேரில் எவரையும் விலக்கக்கூடாது என்ற கொள்கை வந்தது. 2022 மார்ச்சில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், புற்றுநோய் ஆய்வுகளில் மூத்தவர்களைச் சேர்ப்பது குறித்துத் தனியான வழிகாட்டலை வெளியிட்டது.

எங்கள் வீடுகளில்

விதிகள் மாறினாலும் வீட்டு வாசலைத் தாண்டி அவை உள்ளே வருவதில்லை. யாழ்ப்பாணத்தில் என் சிறுவயதில் புற்றுநோய் என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை. 'பொல்லாத வருத்தம்' என்பார்கள். நோயாளிக்கு நோயின் பெயர் தெரியாது, ஊருக்கெல்லாம் தெரியும். வைத்தியர் மகனை வெளியே கூப்பிட்டுக் கதைப்பார். மகன் உள்ளே வந்து, "ஒண்டுமில்லை அம்மா, சின்னக் கட்டிதான்" என்பார். அம்மாவும் நம்பியதுபோல நடிப்பார். அன்பினால் செய்யப்பட்ட காரியம்தான். ஆனால், சௌதம் தன் மௌனத்துக்குச் சொன்ன காரணத்தையும், நாங்கள் எங்கள் மௌனத்துக்குச் சொல்லும் காரணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சொற்களில் வேறுபாடு தெரியாது. நோக்கத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு என்பதை மறுக்கவில்லை. படுக்கையில் இருப்பவரின் நிலை மாத்திரம் இரண்டிலும் ஒன்றே.

புலம்பெயர்ந்த நாடுகளில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. பெற்றோருக்கு மொழி தெரியாததனால் பிள்ளையோ பேரப்பிள்ளையோ மொழிபெயர்ப்பாளராகிறார். சம்மதப் பத்திரம் பல பக்கங்களில் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ஜேர்மன் மொழியிலோ இருக்கிறது. வைத்தியர் பத்து வாக்கியம் பேச, பேரன் இரண்டு வாக்கியம் தமிழில் சொல்கிறான். என் பெரியப்பாவுக்கோ ஆங்கிலம் நன்றாகவே தெரியும். அவரையே நாங்கள் கேட்கவில்லை என்றால், மொழியறியாத மூதாட்டிகளின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

இலங்கையிலும் ஆய்வுகளைப் பதிவுசெய்யும் ஏற்பாட்டை இலங்கை மருத்துவச் சங்கம் 2006 ஆம் ஆண்டு தொடங்கியது. தென்னாசியாவில் வேகமாக மூப்படைந்துவரும் சமூகம் எங்களுடையது. வரும் வருடங்களில் இந்தக் கேள்வி கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பல குடும்பங்களின் முன்னால் வந்து நிற்கும். ஆம் என்று சொல்லுங்கள் என்றோ, இல்லை என்று சொல்லுங்கள் என்றோ அறிவுரை கூற நான் வைத்தியனல்ல. எந்த மருந்து, ஏற்கெனவே உள்ள சிகிச்சை என்ன, எத்தனை தடவை வரவேண்டும், இடையில் விலக முடியுமா ஆகிய கேள்விகளை நோயாளரே வைத்தியரிடம் கேட்பதற்கு வழிவிடுங்கள் என்பதை மாத்திரமே, ஒருமுறை தவறிழைத்தவன் என்ற வகையில் சொல்லமுடியும்.

கடந்த வருடம் மீண்டும் ரொறன்ரோவிலிருந்து அழைப்பு வந்தது. இம்முறை அழைத்தவர் அக்காவின் மகன். அக்காவுக்கு 66 வயது. மார்பில் சிறிய கட்டி. ஆரம்பக் கட்டம் என்று சொல்லியிருக்கிறார்கள். வைத்தியர் ஓர் ஆய்வைப் பற்றியும் கூறியிருக்கிறார்.

"மாமா, அம்மாவை இதிலை சேர்க்கிறதோ விடுறதோ? நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

"அம்மா எங்கை?"

"குசினிக்குள்ளை."

"கூப்பிட்டுப் பக்கத்திலை இருத்து. போனை ஸ்பீக்கரிலை போடு" என்றேன்.

அன்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசினோம். பெரும்பாலும் அக்காதான் பேசினார். மறுநாள் வைத்தியரிடம் கேட்பதற்கென்று பதினொரு கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்தார். தகப்பனைப் போலவே ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு எழுதினாராம். என்ன முடிவு எடுத்தார் என்பது அவருடைய சொந்த விடயம். அதை இங்கே எழுத அவரிடம் நான் அனுமதி கேட்கவில்லை.